படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், 2024 பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் அச்சாகிறது.)



இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளி சந்தை நாள். ஆடு பிடிக்கிறவங்க, காய் விக்கிறவங்க, சந்தைக்குக் கடை போடுறவங்க நம்மில் எத்தனை பேர் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த வருமானத்தை விட்டுட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால் உங்கள் நேரத்தை வீணாக்காமல் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதி எடுத்து வந்திருக்கிறேன்.

"நீ என்ன படிச்ச, கம்பெனியில என்ன வேலை பாக்குற, நம்ம புள்ளைங்களும் அதைப் படிக்கலாமா, அதைப் பத்திப் பேசு" என்று தலைவி அக்கா சொன்னார். படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதோடு நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன். அது இல்லாமல் சொன்னால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சாகிவிடும்.

முதலில் என் அம்மாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அம்மா 2000-ம் வருஷம் குழுவில் சேர்ந்தார். அப்போது நாங்கள் தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில்தான் பிரிந்தது. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு முதன்முதலாக ஆரம்பித்ததே நம்ம மாவட்டத்தில்தான் என்பது இங்கே இருக்கிற இளம் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியது. மற்ற மாவட்டங்களெல்லாம் நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டன. மழை இல்லாத ஊர், பின்தங்கிய ஊர் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஏழைப் பொம்பளைங்க சேர்ந்து வாரா வாரம் சேமித்துக் காட்டினார்கள்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழுவில் சேர்ந்த பிறகு, ஊக்குநர் அக்கா சிலேட்டில் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவும் நானும் விளக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவோம். எங்கள் குழுவில் ஒரு பழக்கம் இருந்தது. உங்கள் குழுக்களிலும் இருக்கும். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை ஊக்குநர் சத்தமாகப் படித்துக் காட்டுவார். "இன்னாருக்கு இவ்வளவு உள்கடன், இத்தனை தவணை, இவ்வளவு வட்டி, சரிதானா?" என்று கேட்பார். எல்லோரும் சரி என்ற பிறகுதான் கையெழுத்து. படித்துக் காட்டாமல் யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வருவேன்.

கிருஷ்ணகிரி அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். முடித்தேன். மேலே என்ன படிப்பது என்று தெரியவில்லை. "தொழிலாளர் மேலாண்மைன்னு ஒரு படிப்பு இருக்கு, ஓசூரும் போச்சம்பள்ளியும் ஃபேக்டரி ஊரா மாறிக்கிட்டு வருது, உனக்கு உதவும்" என்று எங்கள் பேராசிரியை ஒருவர் சொன்னார். சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அரசு 1973-ல் ஆரம்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பி.ஏ., எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மைப் படிப்புகளை நடத்துகிறது. அங்கே எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் இல்லை.

அம்மா குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டார். அன்றைக்கு நடந்த பேச்சு எனக்கு மறக்காது. "பொட்டப்புள்ளைய மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைக்கக் கடனா? ஆடு வாங்கக் கேட்டா குடுக்கலாம்" என்றார் ஒரு பெரியம்மா. அதற்கு இன்னொரு அக்கா, "ஆடு செத்தாலும் செத்துப் போகும். படிப்பு எங்க போகப் போகுது? குடுங்க" என்றார். தீர்மானம் எழுதி, படித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்த்துப் பேசிய பெரியம்மாவும் போட்டார். 15 தவணையில் கட்டி முடித்தோம்.

அந்தப் படிப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். எச்.ஆர். என்றால் ஆளை எடுக்கிறது, ஆளை நிறுத்துகிறது, வருகைப் பதிவு பார்க்கிறது என்றுதான் நம்ம ஊரில் நினைக்கிறோம். அது பாதிதான். ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழே வேலை செய்தால் அங்கே சம்பளம், நேரம், பாதுகாப்பு, மரியாதை, சண்டை, சமாதானம் எல்லாம் இருக்கும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கிற அந்த உறவை எப்படி நேர்மையாக நடத்துவது என்பதுதான் பாடம். அதைத் தொழிலுறவு என்பார்கள்.

முதலில் வரலாறு சொல்லிக் கொடுத்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னை பெரம்பூர்ப் பக்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. வாடியா தலைவராகவும், நம்ம திரு.வி.க. துணையாகவும் நின்றார்கள். 1923-ல் சிங்காரவேலர் மெரினாவில் மே தினம் கொண்டாடினார். இந்த மாதிரிப் பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகுதான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டமும், 1947-ல் தொழில் தகராறுகள் சட்டமும், 1948-ல் தொழிற்சாலைகள் சட்டமும் வந்தன. எந்தச் சட்டமும் யாரோ மனசு இரங்கிக் கொடுத்தது இல்லை என்று எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்.

1948 சட்டத்தில் ஒரு விதி இருந்தது. 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலர் ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்றது அது. அந்த நாற்காலியில் உட்காரத்தான் நான் படித்தேன். படிக்கும்போது எனக்குத் தோன்றாத கேள்வி ஒன்று, வேலைக்குப் போன பிறகு தோன்றியது. அந்த அலுவலர் பார்க்க வேண்டியது தொழிலாளியின் நலம். அவருக்குச் சம்பளம் கொடுப்பதோ கம்பெனி. இரண்டு பக்கமும் இழுக்கும்போது அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

இனிமேல் என் தப்பைச் சொல்கிறேன்.

2014-ல் ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நல்லது செய்கிறவர்களும் அங்கே இருந்தார்கள். 2018-ல் நம்ம பக்கத்து ஊர் அக்கா ஒருவர், ஒப்பந்தக்காரர் மூலமாக அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். ஐந்து மாதக் கர்ப்பிணி. லைனில் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. உற்பத்தி இலக்கு குறைகிறது என்று மேற்பார்வையாளர் புகார் கொடுத்தார். ஒப்பந்தக்காரர் ஆங்கிலத்தில் ஒரு காகிதம் அடித்துக் கொண்டுவந்தார். 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று அதில் இருந்தது. என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்க்காரங்கதானே, நீ சொன்னா கேப்பாங்க, கையெழுத்து வாங்கிடு" என்றார்.

நான் வாங்கினேன்.

"இதுல என்ன பாப்பா எழுதியிருக்கு?" என்று அந்த அக்கா கேட்டார். "ஒண்ணுமில்லக்கா, லீவுக்குத்தான். குழந்தை பொறந்ததும் வரலாம்" என்று சொன்னேன். அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். என் அம்மா போடுகிற மாதிரியே இருந்தது.

அவருக்குச் சட்டப்படி என்ன உரிமை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். 2017 முதல் பேறுகாலத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தாலும், இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்து, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், அந்தப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்றால் 26 வாரம், அதாவது 182 நாளுக்கு 54,600 ரூபாய். கம்பெனிக்குக்கூட அது செலவு இல்லை. அந்த அக்காவிடம் இதை யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பணம் வராமலே போய்விட்டது.

குழந்தை பிறந்து ஏழு மாதம் கழித்து அவர் கேட்டுக்கு வந்தார். 'நீங்க ராஜினாமா பண்ணிட்டீங்க, புதுசா எடுத்தா வயசு வரம்பு இருக்கு' என்று காவலாளியை விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

2019 பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். அம்மாவின் குழுக் கூட்டத்துக்குத் துணையாகப் போனேன். அந்த அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊருக்குக் குடி வந்து, குழுவில் சேர்ந்திருக்கிறார். அன்றைக்கு ஊக்குநர் அவசரத்தில் தீர்மானப் புத்தகத்தை அப்படியே நீட்டினார். அந்த அக்கா பேனாவை வாங்கவில்லை. "ஒருக்கா படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அவர் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் என்ன இருந்தது, அவருக்கு என்ன வர வேண்டியிருந்தது, எல்லாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீ நம்ம பக்கத்துப் புள்ள, படிச்ச புள்ள. அதான் ரெண்டாவது தடவ கேக்கல."

பணத்தை வாங்க முடியுமா என்று இருவரும் அலைந்தோம். அவரிடம் சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தக்காரர் மாறிப் போயிருந்தார். கிடைக்கவில்லை. இன்றைக்கு இதைப் பேசப் போகிறேன் என்று அவரிடம் கேட்டேன். "பேரை மட்டும் சொல்லாத, மத்தபடி சொல்லு, நாலு பேருக்கு உதவும்" என்றார். அவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்.

திரும்ப வேலைக்குப் போனதும், படித்துக் காட்டாத எந்தக் காகிதத்திலும் இனிமேல் கையெழுத்து வாங்க மாட்டேன் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பிரிவிலிருந்து தூக்கி, கேன்டீன் கணக்குக்குப் போட்டார்கள். இரண்டு வருஷம் சம்பள உயர்வு இல்லை. 2021-ல் வேறு தொழிற்சாலைக்கு மாறினேன். சேரும்போதே என் வழக்கத்தைச் சொல்லித்தான் சேர்ந்தேன். தொழிலாளி கையெழுத்துப் போடுகிற காகிதம் அவருக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். நம்ம எல்லைப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது ஒடியா, இந்தியும்கூட. படித்துக் காட்ட வேண்டும். யோசிக்க ஒரு நாள் கொடுக்க வேண்டும். இதை எனக்குப் பல்கலைக்கழகம் சொல்லித் தரவில்லை. என் அம்மாவின் குழு சொல்லித் தந்தது. புது மேலாளர் முதலில் தயங்கினார். 'எதில் கையெழுத்துப் போட்டேன்னே தெரியாது' என்கிற புகார் நின்று போனதைப் பார்த்து ஒத்துக்கொண்டார். பேறுகால விடுப்பில் போன பெண்கள் அங்கே திரும்ப அதே வேலைக்கு வருகிறார்கள்.

இப்போது உங்கள் பெண்பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன்.

1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980-களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வந்தன. அப்புறம் நம்ம போச்சம்பள்ளிக்கும் சிப்காட் வந்தது. 2021 செப்டம்பரில், இங்கே வரும் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்களுக்கு வேலை என்று அறிவித்தார்கள். மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகள் இன்று விடிகிறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. கையில் காசு வருகிறது, கல்யாணத்தைத் தள்ளிப் போட முடிகிறது. ஆனால் அவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு பஸ் ஏற வேண்டும். சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பணி நியமனக் கடிதமும் மாதா மாதம் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதை வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அந்த அக்காவிடம் ஒரு சீட்டு இருந்திருந்தால் கதை வேறு.

இரண்டு. இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். யு.ஏ.என். எண் இரண்டையும் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நம்மிடம் பிடிப்பது நூற்றுக்கு 75 பைசா; நிறுவனம் போடுவது 3 ரூபாய் 25 பைசா. கம்பெனி மாறினாலும் யு.ஏ.என். மாறாது. புதுசு புதுசாக எண் வாங்கிப் பழைய பணத்தைத் தொலைக்காதீர்கள்.

மூன்று. தொழிற்சாலையில் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வந்ததால், மே முதல் தேதி திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இது பக்கத்து உதாரணம். மத்திய அரசின் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கின்றன. அவற்றால் இந்தக் கணக்குகளில் சில மாறும். அதைப் பற்றி மறுபடி கூடிப் பேசுவோம்.

நான்கு. தமிழ்நாட்டில் 1981-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும். அதற்காகத்தான் சில இடங்களில் சில மாதம் வைத்து நிறுத்தி, மறுபடி எடுக்கிறார்கள். வேலை செய்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பால் கணக்கு எழுதுகிறோமே, அந்த மாதிரி.

ஐந்து. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற எந்த இடத்திலும் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். 2013-ம் வருஷச் சட்டம். தலைவராகப் பெண்தான் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. அவசரத்துக்கு 181 என்கிற எண்.

ஆறாவது உங்களுக்கே தெரியும். வெற்றுக் காகிதத்திலும், படித்துக் காட்டாத காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது. நான் வந்து கேட்டாலும் போடாதீர்கள்.

அடுத்து, இந்தப் படிப்பைப் படிக்கலாமா? படிக்கலாம். படிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ. தொழிலாளர் மேலாண்மை படிக்கலாம். வேறு பட்டம் வாங்கியவர்கள் எம்.ஏ.வுக்குப் போகலாம். 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் மனித வள மேலாண்மையில் எம்.ஏ. இருக்கிறது. சமூகப்பணிப் பட்டம், எம்.பி.ஏ. என்று வேறு வழிகளும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளைக்கு, 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது முதல் பட்டப் படிப்புக்கு மட்டும். மேல்படிப்புக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும். பட்டம் வாங்கினால் கம்பெனி வேலை மட்டும் இல்லை, அரசுத் தொழிலாளர் துறைத் தேர்வுகளுக்கும் உதவும். லைனில் நிற்கிற பெண்கள் பெரும்பாலும் நம்ம வீட்டுப் பிள்ளைகள். ஆபீஸ் நாற்காலியில் அவர்கள் பேச்சு புரிகிற ஆள் குறைவு. ஆனால் நம்ம ஊர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. நானே அதற்குச் சாட்சி. படிப்போடு சேர்த்து, எதற்குத் தலையாட்டக் கூடாது என்பதையும் வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாக, கூட்டமைப்பிடம் மூன்று வேண்டுகோள். மேல்படிப்புக்கு உள்கடன் கேட்கிற பெண்பிள்ளைகளுக்கு, ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கிற மாதிரி, தயங்காமல் கொடுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை கலைந்த பிறகு, சாயங்காலம் இரண்டு மணி நேரம் இந்தக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள். கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் தங்கள் காகிதங்களைக் கொண்டுவரட்டும், நான் வந்து படித்துக் காட்டுகிறேன். சம்பளம் வேண்டாம், டீ போதும். மூன்றாவது, உள்ளகக் குழுக்களில் பெண்கள் நலனுக்கு உழைக்கிற அமைப்பிலிருந்து வெளி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம்மில் தைரியமாகப் பேசுகிற நாலு பேருக்கு அதில் பயிற்சி கிடைக்க அலுவலர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த மூன்றையும் இன்றைய தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லித் தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிய பிறகு படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டிய பிறகு, முதல் கையெழுத்தை அந்த அக்கா போட வேண்டும் என்பது என் ஆசை.